கஞ்சாவுக்கு ஒரு விசாரணைக் கமிஷன்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் அமெரிக்காவையும் நெதர்லாந்தையும்தான் உதாரணம் காட்டுகிறார்கள். நம் நாட்டில் இதைப் பற்றி மெனக்கெட்டு விசாரித்து, ஏழு தொகுதிகளில் அறிக்கை வெளியிட்ட கதை பலருக்குத் தெரியாது. எனக்கும் சமீபம் வரை தெரியாது.

1893 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு ஆதரவாளரான வில்லியம் கெய்ன் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். கஞ்சாவால் இந்தியர்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, அரசோ அதில் வரி வசூலிக்கிறது என்பதுதான் மதுவிலக்குக்காரர்களின் புகார். வரி விஷயம் உண்மை. வங்காளத்தின் நவ்காவ் பகுதியில் (இன்று வங்கதேசம்) அரசின் உரிமத்தோடுதான் கஞ்சா பயிரிட்டார்கள்.

மாக்வர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷன் அமைந்தது. மூவர் இந்தியர்கள். நாடு முழுக்கச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள்.

எனக்குப் பிடித்தது பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை அவர்கள் சோதித்த விதம். 1892-ல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா, பாங்கு, சரஸ் என்று எழுதியிருந்தது. அதை எழுதியது யார் என்று தோண்டினால் பெரும்பாலும் டாக்டர் இல்லை! நோயாளியைக் கொண்டுவந்த போலீஸ்காரர், 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாதே என்று, ஆள் கஞ்சா குடிப்பானா என்று யாரையாவது கேட்டு நிரப்பியிருக்கிறார். ஒவ்வொரு கேஸாகப் பார்த்த பிறகு தேறியது 98 தான். அதிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன.

மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் உடலும் மனமும் கெடும், முழுத்தடை தேவையில்லை, வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று 1894-ல் அறிக்கை சொன்னது. இந்திய உறுப்பினர்களில் இருவர் இதை ஏற்காமல் தனிக்குறிப்பு எழுதினார்கள். அவர்கள் தரப்பையும் ஒதுக்கிவிட முடியாது. வரி வாங்கும் அரசே நியமித்த கமிஷன் 'வரி போடுங்கள்' என்று முடித்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆனாலும் அந்த 222-ஐ 98 ஆக்கிய உழைப்பை வெறும் கண்துடைப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு வந்த தடைக்கு இந்த அறிக்கை காரணமில்லை. 1961-ல் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. ராஜீவ் காந்தி ஆட்சியில் 1985-ல் நம் நாட்டிலும் சட்டம் வந்தது. இப்போது 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் குறைந்தது பத்து வருடம் சிறை. ஆனால் பூவும் காயும் சேராத வெறும் இலை இந்தச் சட்டப்படி கஞ்சாவே அல்ல. அதனால்தான் வடக்கே ஹோலிக்குப் பாங்கு அரைக்க முடிகிறது.

2020 டிசம்பரில் அந்தக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்கலாமா என்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. 27-க்கு 25 என்று தீர்மானம் நிறைவேறியது. எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்ட 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.