டெட்லைன்: ஒரு வேலியோட கதை

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சிடுங்க. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள முடிச்சே ஆகணும்னு சொல்லிட்டாங்க. அன்னிக்குக் காலைலதான் அக்கா பையனுக்குக் குலதெய்வக் கோயில்ல காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியில உக்கார வெச்சுதான் குத்தணும். நான் போகல. பெரியம்மா பையன் மடியில வெச்சு முடிச்சுட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு மெயில் வருது: டெட்லைன் ரெண்டு வாரம் தள்ளிப் போகுதாம்.

அந்தக் கோவத்துலதான் இந்த வார்த்தையைத் தோண்ட ஆரம்பிச்சேன். அதுல எதுக்கு 'டெட்' இருக்கு? நம்ம தூக்கத்தைக் கொல்லுதுன்னு சும்மா சொல்றதுன்னு நெனச்சேன். இல்லைங்க. நிஜமாவே ஆளைக் கொன்ன ஒரு கோடு அது.

அமெரிக்க உள்நாட்டுப் போர். தெற்குப் படைகள் 1864 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கைதி முகாமைத் திறக்கின்றன. மரத்தடிகளை நெருக்கமா நட்டு ஒரு பெரிய செவ்வகம், நடுவுல ஒரு ஓடை, மேல கூரை கிடையாது. 10,000 பேருக்காகப் போட்ட கணக்கு. ஆகஸ்ட் மாசத்துல உள்ளே 32,000 பேருக்கு மேல. மொத்தமா அங்க வந்த 45,000 வடக்குப் படை வீரர்கள்ல கிட்டத்தட்ட 13,000 பேர் திரும்பிப் போகவே இல்ல. பெரும்பாலும் வயிற்றுப்போக்கு, சீதபேதி, ஸ்கர்வி.

சுத்துச் சுவருக்கு உள்பக்கமா, சுமார் 19 அடி தள்ளி, இன்னொரு சின்ன வேலி. குச்சிகளை நட்டு மேல ஒரு கட்டையை அடிச்சது, அவ்ளோதான். கால் எடுத்து வெச்சா தாண்டிடலாம். அதோட பேர்தான் 'டெட் லைன்'. அதைத் தாண்டினா, ஏன் தொட்டாலே, மேடையில நிக்கிற காவலாளி சுடலாம். எச்சரிக்கை தரணும்னு அவசியம் இல்ல.

சில இடங்கள்ல அந்தக் கட்டை உடைஞ்சு விழுந்திருந்தது. கோடு எங்க இருக்குன்னே தெரியாது, ஆனா ரூல் மட்டும் உயிரோட இருக்கு! ஓடைப் பக்கம் இன்னும் மோசம். முகாமுக்கு மேல்பக்கமே காவலாளிகளோட கழிவும் சமையல் கழிவும் தண்ணியில கலந்துதான் உள்ளே வரும். கொஞ்சமாவது தெளிஞ்ச தண்ணி வேணும்னா மேல்பக்கமா கை நீட்டணும். மேல்பக்கம்னா கோட்டுக்குப் பக்கம். அப்படிக் கை நீட்டிச் சுடப்பட்டவங்களைப் பத்திப் பிழைச்சு வந்த கைதிகள் எழுதியிருக்காங்க. ஒண்ணு சொல்லிடணும்: வடக்குப் பக்க முகாம்கள்லயும் இதே மாதிரிக் கோடு இருந்தது.

போர் முடிஞ்சதும் முகாம் அதிகாரி ஹென்றி வெர்ஸ் மேல விசாரணை. 1865 நவம்பர் 10-ல் வாஷிங்டன்ல தூக்கு. விசாரணைச் செய்தியோட சேர்ந்து இந்த வார்த்தையும் நாடு முழுக்கப் பத்திரிகைகள்ல பரவுது.

அப்புறம் அது மெதுவா கைதி முகாமை விட்டு வெளியே வருது. 1880-ல் நியூயார்க் போலீஸ் அதிகாரி தாமஸ் பர்ன்ஸ், ஃபுல்டன் தெருவை 'டெட் லைன்' ஆக்கினார். அதுக்குத் தெற்கே, வால் ஸ்ட்ரீட் பக்கம், பேர் போன திருடன் எவன் கண்ணுல பட்டாலும் உடனே கைது. அச்சகத்துக்காரங்களும் மெஷின்ல ஒரு கோட்டுக்கு இதே பேரை வெச்சிருந்தாங்க, அதுக்கு வெளியே எழுத்து அச்சாகாது. அதுவரை எல்லாமே இடத்துல இருக்கிற கோடு. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல பத்திரிகை ஆபீஸ்கள்ல அது நேரமா மாறுது. 1920-ல் நிருபர் கதை ஒண்ணு 'டெட்லைன் அட் லெவன்'னு படமாவே வந்துடுச்சு.

ஆங்கிலத்துல 'ட்யூ டேட்', 'கட்-ஆஃப்'னு சாதுவான வார்த்தைகள் இருக்கு. ஆனா எந்த மேனேஜரும் அதைச் சொல்ல மாட்டார், பயம் வராதுல்ல!

தமிழ்ல 'கெடு'. கெட்டுப்போறதுல இருந்து வந்ததுன்னு அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க, தெலுங்குல இதே அர்த்தத்துல 'கடுவு' இருக்கு. 'தவணை' இன்னும் இதமானது. இலங்கையில பள்ளிக்கூட டெர்முக்கே அதுதான் பேர். எனக்குப் பிடிச்சது 'வாய்தா'. கோர்ட்ல வக்கீல் வாங்குவாரே, அதே வாய்தாதான். அரபு மூலத்துல அதுக்கு 'வாக்குக் கொடுக்கிறது'ன்னு அர்த்தம்.

அக்கா இன்னும் என் போனை எடுக்கல. அடுத்த மாசம் ஊருக்கு வரேன், பையனுக்குக் கடுக்கன் நான்தான் போடுவேன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பி வாய்தா கேட்டிருக்கேன். நீல டிக் வந்துடுச்சு. பதில் வரல.