கமான் பட்டையும் கல்யாண லோடும்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கத்துக்கொடுத்த சஸ்பென்ஷன் பாடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

முகூர்த்த சீசன்ல காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பக்கம் போனா கார்களோட பின்பக்கத்தைக் கவனிங்க. பட்டு எடுக்க வந்த குடும்பம். அஞ்சு பேர் உட்கார வேண்டிய வண்டியில ஏழு பேர், டிக்கி ஃபுல். பின்னாடி அப்படியே உட்கார்ந்திருக்கும். ஸ்பீட் பிரேக்கர்ல ‘டங்’னு ஒரு சத்தம்.

நமக்கு நிறைய பேர் கேட்ட கேள்வி: “வண்டி ரொம்பத் தூக்கிப் போடுது, சாஃப்டான ஸ்பிரிங் மாத்திடலாமா?” இதுக்குப் பதில் நம்ம ஊர் கார் வரலாற்றுலயே இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

ஸ்பிரிங் வர்றதுக்கு முன்னாடி

வரதராஜப் பெருமாள் கோயில் தேர்ல ஸ்பிரிங் கிடையாது. ரோடு என்ன சொல்லுதோ அது அப்படியே மேல வரைக்கும் போகும். ஆனா வைகாசி கருட சேவையில பெருமாளைத் தோள்ல சுமந்து வர்றாங்களே ஸ்ரீபாதம்தாங்கிகள், அவங்களோட முழங்காலும் தோளும்தான் அங்க சஸ்பென்ஷன். பள்ளம் வந்தா கால் மடங்கும், மேல இருக்கிறது பெருசா ஆடாது. ஸ்பிரிங்கோட வேலையே இதுதான்: சக்கரம் ஏறி இறங்கட்டும், மேல இருக்கிறவங்க நிம்மதியா இருக்கட்டும்.

1804-ல இங்கிலாந்துல ஒபதையா எலியட், எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைச்ச நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிப் பயணமே மாறிப்போச்சு. சென்னையில 1840-ல ஆரம்பிச்ச சிம்ப்சன் கம்பெனி இந்த மாதிரி கோச்சு வண்டிகள் கட்டித்தான் வளர்ந்துச்சு. அந்த வளைந்த பட்டை அடுக்கைத்தான் இன்னிக்கும் லாரி பட்டறைகள்ல ‘கமான் பட்டை’ன்னு சொல்றாங்க. கமான்னா வில்.

வண்டலூர்ல ஒரு பரிசோதனை

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-ல தொடங்கின சென்னை கம்பெனி. தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். பின்னாடி பல வருஷம் காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்து, 2019-க்கு அப்புறம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போன ஏரியா.

1961-லிருந்து இவங்க ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரிச்சாங்க. இங்கிலாந்தோட ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இது. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அம்பாசடர், ஃபியட் ரெண்டுலயும் பின்பக்கம் ஒரே ஆக்ஸில், அதுக்கு ரெண்டு பக்கமும் கமான் பட்டை. ஹெரால்டுல பின் சக்கரம் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஏறி இறங்கும். ‘ஸ்விங் ஆக்ஸில்’னு பேரு. ரெண்டையும் தாங்குறது குறுக்கால போட்ட ஒரே ஒரு பட்டை செட்.

பேப்பர்ல பார்த்தா ஹெரால்டுதான் மாடர்ன். ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா இன்னொண்ணுக்குத் தெரியாது. ஆனா லோடு ஏறினா கதை வேற. பின்பக்கம் இறங்க இறங்க, சக்கரங்களோட மேல்பாகம் உள்பக்கமா சாயும். டயரோட உள் ஓரம் சீக்கிரம் தேயும். இந்திய ஓனர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பெருசா பிடிக்கல. 1972-ல வந்த ஸ்டாண்டர்ட் கெஸல்ல கம்பெனி ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிட்டு, பழைய மாதிரி ஒரே ஆக்ஸிலுக்குத் திரும்பிடுச்சு. இங்கிலாந்துலயும் 1970-ல ட்ரையம்ஃப், ஸ்பிட்ஃபயர் காரோட பின் ஸ்பிரிங்கை மாத்தி அமைக்க வேண்டி வந்துச்சு.

கணக்கு எங்க இடிக்குது?

1930-கள்ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்ல மாரிஸ் ஆலி ஒரு காரை எடுத்து, அதுல நகர்த்தக்கூடிய எடைகளை மாட்டி, ஆளுங்களை ஏத்தி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கை விட சாஃப்டா இருந்தா உடம்புக்கு இதமா இருக்குன்னு கண்டுபிடிச்சார். கார் ஒரு செகண்டுக்கு ஒண்ணுலிருந்து ஒன்றரை தடவை ஆடினா சுகம், ரெண்டை நெருங்கினா குலுக்கல். இது பொதுவான கணக்கு.

இப்ப நம்ம லோடைப் போட்டுப் பார்ப்போம். நீங்க தனியா ஓட்டும்போது பின் ஸ்பிரிங்குகள் மேல 300 கிலோன்னு வெச்சுக்குவோம். செகண்டுக்கு 1 ஆட்டம் வேணும்னா ஸ்பிரிங் அந்த எடையில சுமார் 25 செ.மீ. அமுங்கணும். குடும்பம் ஏறி 500 கிலோ ஆச்சுன்னா இன்னும் 16 செ.மீ. இறங்கும். கார்ல அவ்வளவு இடமே கிடையாது, அடியில இடிக்கும். 1.5 ஆட்டத்துக்கு செட் பண்ணா முதல்ல 11 செ.மீ., லோடு ஏறினா இன்னும் 7 செ.மீ. சமாளிக்கலாம். ஆனா 500 கிலோவுக்கே 1.5 வர்ற மாதிரி கெட்டியான ஸ்பிரிங் போட்டா, தனியா ஓட்டும்போது ஆட்டம் ரெண்டைத் தொடும். தினமும் ஆபீஸ் போறப்ப முதுகு பேசும்.

சின்ன காருக்குத்தான் இந்தத் தலைவலி அதிகம். வண்டி எடை கம்மி, ஏத்துற எடை அதே. அம்பாசடர் சொந்தமாவே கனம், அதனால நாலு பேர் ஏறினாலும் விகிதம் பெருசா மாறாது. அதோட ‘சோபா மாதிரி இருக்கும்’ங்கிற பேருக்குப் பின்னாடி இந்த எடைக்கும் பங்கு உண்டு.

ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985-ல மறுபடி ஒரு முயற்சி எடுத்தாங்க: ஸ்டாண்டர்ட் 2000. பாடி ரோவர் எஸ்டி1 காரோடது, 1977-ல ஐரோப்பாவோட சிறந்த கார் விருது வாங்கினது. நம்ம ரோட்டுக்காக உயரத்தைத் தூக்கினாங்க. ஆனா எஞ்ஜின் பழசு, விலை அதிகம். 1988-ல நின்னுபோச்சு. சஸ்பென்ஷனை மட்டும் ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தினா போதாதுன்னு அது காட்டுச்சு.

அப்ப நாம என்ன பண்ணலாம்?

ஸ்பிரிங்குக்கு முன்னாடி டயர் காத்து, ஷாக் அப்சார்பர், புஷ் மூணையும் செக் பண்ணுங்க. குலுக்கலுக்குப் பல சமயம் காரணம் அங்கதான் இருக்கும்.

அப்புறம் ஒரு மாசம் பின் சீட்ல யார் உட்கார்றாங்கன்னு எழுதி வைங்க. பெரும்பாலும் தனியா ஓட்டுறீங்கன்னா கம்பெனி ஸ்பிரிங்கே சரி. எப்பவும் ஃபுல் லோடுன்னா, அமுங்க அமுங்கக் கெட்டியாகுற ப்ராக்ரசிவ் ஸ்பிரிங் உங்க மாடலுக்குக் கிடைக்குதான்னு பாருங்க. மாத்தினா ஜோடியா மாத்துங்க, ஷாக் அப்சார்பர் அதுக்குப் பொருந்துதான்னும் பாருங்க.

கார் தாழ்வா தெரியணும்னு காயிலை வெட்டாதீங்க. ஆறு சுத்துல ஒண்ணு வெட்டினா ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகும், அமுங்குற இடமும் குறையும். காயிலுக்கு நடுவுல சொருகுற ரப்பர் பஃபரும் அதே வேலையைத்தான் செய்யும்: பின்பக்கம் தூக்கும், பாட்டியோட இடுப்பு வலிக்கும்.

ஸ்பிரிங் மாத்தின கடையில டெஸ்ட் டிரைவ் போறப்ப வண்டியில நீங்க ஒரு ஆள்தான் இருப்பீங்க. எல்லாமே நல்லாத்தான் தெரியும். பின் சீட்ல வழக்கமா உட்கார்றவங்களையும் கூட்டிட்டுப் போய், ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கிட்டு, அவங்க கிட்ட கேளுங்க. அதுக்கப்புறம் காசு கொடுங்க.