ஹந்தானை: ஒளிப்படத்தில் குவியத் தெரிவு

ஒளிப்படத்தில் எது துல்லியமாகத் தெரியவேண்டும், எது மங்கலாம் என முடிவுசெய்வது குவியத் தெரிவு எனப்படும். கண்டிக்குத் தென்மேற்கே, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னணியாக நிற்கும் ஹந்தானை மலைத்தொடரில் அருகே தேயிலைச் செடியும் தொலைவில் மலைமுகடும் இடையே மூடுபனியும் ஒரே சட்டகத்துள் வருவதால், இத்தெரிவு அங்கே தவிர்க்கமுடியாததாகிறது. முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் எல்லை புல ஆழம் ஆகும். 35 மி.மீ. படச்சுருள் கமராவில் 50 மி.மீ. வில்லையின் துளையை எஃப்/2 என அகலத் திறந்து, 2 மீற்றர் தொலைவில் கொழுந்து பறிப்பவரின் விரல்களில் குவித்தால், புல ஆழம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிட, இரண்டு இலையும் ஒரு மொட்டும் தெளிந்து நிற்க, பின்னாலுள்ள நிரைகள் பச்சைப் படலமாகக் கரைகின்றன. துளையை எஃப்/11 ஆகச் சுருக்கி ஏறத்தாழ 7.6 மீற்றரில் குவித்தாலோ, 4 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்திலிருந்து முகடு வரை யாவும் தெளிவாகும். மூடுபனியில் தானியங்கிக் குவியம் தடுமாறுவதால், மரத்தண்டின் கரிய விளிம்பில் குவிப்பது நல்லது.

1875இல் இலங்கைக்குக் குடிவந்து 1879இல் இங்கேயே மறைந்த ஒளிப்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரன், முழுத்துல்லியத்தை வேண்டுமென்றே கைவிட்டு, மென்குவியத்தில் முகங்களைப் படமாக்கியவர். களுத்துறையில் உள்ளூர் மக்களையும் படமெடுத்தார். அவர் முகத்துக்குத் தந்த முதன்மைக்கு மாறாக, மலையகத்தின் அஞ்சலட்டைப் படங்கள் பலவற்றில் மலை துல்லியமாகவும் தொழிலாளர் வெறும் வண்ணப் புள்ளியாகவும் நிற்பது பெருங்குறை; மலைச்சரிவுகளைத் தோட்டமாக்கிய உழைப்பில் மலையகத் தமிழரின் பங்கு பெரிதாகையால், ஹந்தானையில் குவியம் முதலில் அவர்களின் முகத்துக்கே உரியது.