சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு

அமெரிக்காவின் சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 1897-இல் அமைத்த சங்கம். உறுப்பினர்கள் பெரும்பாலும் பெண்கள். அப்போது மாநில அரசைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமைகூட அவர்களுக்கு இல்லை. மார்கரெட் ஹேலி, கேத்தரின் காகின் இருவரும் இதன் முதன்மைத் தலைவர்கள்.

1898-இல் ஒப்புக்கொண்ட ஊதிய உயர்வைப் பள்ளி வாரியம் பணமில்லை என்று பாதியில் நிறுத்தியது. மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், பணம் ஏன் இல்லை என்று சங்கம் வரிக் கணக்கைக் கிளறியது. எரிவாயு, மின்சாரம், தொலைபேசி, டிராம் நிறுவனங்கள் நகரம் தந்த உரிமங்களின் மதிப்புக்கு வரியே கட்டாதது தெரிந்தது. சங்கம் வழக்குத் தொடுத்தது. 1901-இல் இலினாய் உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. வந்த வரிப் பணத்தை வாரியம் வேறு செலவுகளுக்குத் திருப்ப, மறுபடியும் வழக்கு, மறுபடியும் வெற்றி. சங்க வரலாற்றில் இதற்கு இணையான துணிச்சல் குறைவு.

1902-இல் நகரத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்தது. ஆசிரியர் கூலித் தொழிலாளரோடு சேரலாமா என்று பலர் முகம் சுளித்தனர். 1904-இல் தேசியக் கல்விச் சங்க மாநாட்டில் பேசிய ஹேலி, குறைந்த ஊதியத்தோடு நெரிசலான வகுப்புகளையும் ஆசிரியருக்குக் குரலற்ற நிர்வாகத்தையும் சாடினார்.

1915-இல் வாரியம் கொண்டுவந்த லோப் விதி, ஆசிரியர்கள் தொழிற்சங்கத்தில் சேரத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு 68 ஆசிரியர்களுக்கு மறுநியமனம் மறுக்கப்பட்டது. 1917-இல் நீதிமன்றமும் வாரியத்தை ஆதரிக்கவே, கூட்டமைப்பு தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகியது. 1937-இல் பிற சங்கங்கள் இணைந்து இன்றைய சிகாகோ ஆசிரியர் சங்கத்தை அமைத்தபோது, இது அதில் சேரவில்லை.