தனியார் மருந்துச்சீட்டும் தொலைபேசி மருத்துவரும் (ஐக்கிய இராச்சியம்)

தனியார் மருந்துச்சீட்டு என்பது ஐக்கிய இராச்சியத்தில் தேசிய சுகாதார சேவைக்கு (என்.எச்.எஸ்.) வெளியே, நோயாளியே முழுச் செலவையும் ஏற்கும்படி எழுதப்படும் மருந்துச்சீட்டு ஆகும். இன்று இதைப் பெறுவோரில் பலர் மருத்துவரை நேரில் பார்ப்பதில்லை. கட்டணம் செலுத்தித் தொலைபேசியில் பேசுகிறார்கள். சீட்டு மருந்தகத்துக்குப் போய்ச் சேர்கிறது. இந்த வழக்கத்திற்குப் பின்னால் இரண்டு பழைய கேள்விகள் உள்ளன. மருந்துக்கு யார் பணம் கொடுப்பது என்பது ஒன்று. கண்ணால் பாராத நோயாளிக்கு மருந்து எழுதலாமா என்பது மற்றொன்று.

தொடக்கம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 1879-இல், லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழ் ஒரு நிகழ்வைக் குறிப்பிட்டது. நள்ளிரவில் குழந்தையின் இருமலைக் கண்டு தாய் அஞ்சுகிறார். மருத்துவர் குழந்தையைத் தொலைபேசி அருகே பிடிக்கச் சொல்லி, இருமலைக் கேட்டு, இது குரல்வளை அடைப்பு நோய் அல்ல என்று முடிவு செய்கிறார். இதில் மருந்து எதுவும் எழுதப்படவில்லை, மருத்துவர் வீட்டுக்கு வரத் தேவையில்லை என்று தெரிந்தது, அவ்வளவுதான். தொலைபேசி மருத்துவத்தின் பெரும்பகுதி இன்றும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

அந்தக் காலத்தில் பெரும்பாலான மருந்துகளுக்குச் சீட்டே தேவைப்படவில்லை. 1868-ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம் நஞ்சுகளை யார் விற்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தியதே தவிர, வாங்குபவர் மருத்துவரிடமிருந்து சீட்டு கொண்டுவர வேண்டும் என்று பொதுவாகக் கேட்கவில்லை. மார்பின், கோக்கெயின் போன்றவை 1920-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தால் சீட்டுக்கு உட்பட்டன. பெனிசிலினைச் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 1947-இல் தனிச் சட்டமே வந்தது. சீட்டு சட்டக் காகிதமாக மாறிய பிறகுதான் அதைத் தொலைபேசி வழியே பெறுவது ஒரு சிக்கலாயிற்று.

இரண்டு வகை நோயாளிகள்

1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி, 1913 சனவரி முதல் காப்பீடு செய்த தொழிலாளர்களுக்கு மருத்துவரும் மருந்தும் கிடைத்தன. அவர்களுடைய மனைவி, மக்களுக்கு அந்த உரிமை இல்லை. ஒரே மருத்துவரிடம் பட்டியல் நோயாளி, தனியார் நோயாளி என இரண்டு வரிசைகள் உண்டாயின.

1948 சூலை 5-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது இந்தப் பிரிவு மறையவில்லை. வேறு இடத்துக்கு நகர்ந்தது. எல்லோருக்கும் மருந்து இலவசம், ஆனால் சேவையின் மருத்துவர் சேவையின் படிவத்தில் எழுதினால் மட்டுமே. தன் பணத்தில் தனியார் மருத்துவரைப் பார்த்தவர் மருந்தையும் தன் பணத்திலேயே வாங்க வேண்டும். வரி கட்டியும் மருந்து கிடைக்கவில்லையே என்ற மனக்குறை மருத்துவர் வட்டங்களில் 1950-களில் அடிக்கடி எழுந்தது. அரசுகள் அதற்கு இணங்கவில்லை. இணங்கியிருந்தால் தனியார் மருத்துவம் மிக மலிவாகியிருக்கும், பொதுச் சேவையின் அடித்தளமும் ஆட்டம் கண்டிருக்கும்.

இலவசமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1952 சூன் முதல் சீட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் வசூலிக்கப்பட்டது. 1965-இல் நீக்கப்பட்ட கட்டணம் 1968-இல் மருந்து ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங் என்று திரும்பி வந்தது. வேல்சு 2007-இலும், வட அயர்லாந்து 2010-இலும், இசுக்காட்லாந்து 2011-இலும் கட்டணத்தைக் கைவிட்டன. இங்கிலாந்தில் 2024 மே முதல் அது 9.90 பவுண்டு. தனியார் சீட்டுக்கு இப்படி ஒரு நிலையான தொகை இல்லை. மருந்தின் விலையோடு மருந்தகம் தன் கூலியைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் மலிவான பழைய மாத்திரை தனியார் சீட்டில் 9.90 பவுண்டுக்கும் குறைவாகக் கிடைப்பது உண்டு. புதிய மருந்து என்றால் நூற்றுக்கணக்கில் போகும்.

வயாகரா தந்த திருப்பம்

தொலைவிலிருந்து எழுதப்படும் தனியார் சீட்டுக்குப் பெரிய சந்தையை உருவாக்கியது சில்டெனாபில், அதாவது வயாகரா. 1998 செப்டம்பரில் இதற்கு அனுமதி கிடைத்தது. செலவுக்கு அஞ்சிய அன்றைய சுகாதார அமைச்சர் பிராங்க் டாப்சன், சேவையின் மருத்துவர்கள் இதை எழுத வேண்டாம் என்று சுற்றறிக்கை விடச் செய்தார். பைசர் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1999-இல் உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கை சட்டப்படி செல்லாது என்றது. அதே ஆண்டு சூலையில் முறையான விதிகள் வந்தன. நீரிழிவு, புரோஸ்டேட் புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட நோய்கள் உள்ளவர்களுக்கு மட்டும் சேவையில் மருந்து. மற்றவர்களுக்குத் தனியார் சீட்டு.

குடும்ப மருத்துவரிடம் நேரில் கேட்கக் கூச்சப்படும் மருந்து, பணமும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்றால், தெரியாத மருத்துவரிடம் தொலைபேசியிலோ இணையப் படிவத்திலோ கேட்பது பலருக்கு எளிதாக இருந்தது. பயணிகளுக்கான மலேரியா தடுப்பு மாத்திரைகளும் முடி உதிர்வு மருந்தும் இதே வழியில் சேர்ந்தன. சில்டெனாபிலின் காப்புரிமை 2013-இல் முடிந்து விலை சரிந்த பின், 2014-இல் பொதுவகை மருந்துக்கான கட்டுப்பாடு நீங்கியது. 2018 முதல் அதன் ஒரு வடிவத்தை மருந்தாளுநரிடம் சீட்டில்லாமலே வாங்கலாம். மருந்து போனாலும் அது திறந்த வழி மூடவில்லை.

காகிதத்தின் பிடிவாதம்

தொலைபேசியில் மருத்துவர் சொல்வது சீட்டு ஆகாது. அழியாத மையில் எழுதி, மருத்துவர் கையொப்பமிட்டு, தேதி, மருத்துவரின் முகவரி, நோயாளியின் பெயர், முகவரி ஆகியவை இருந்தால்தான் சீட்டு செல்லும். நோயாளி பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவரானால் வயதும் வேண்டும். மற்றபடி தனியார் சீட்டுக்குக் குறித்த படிவம் இல்லை. வெறும் வெள்ளைத்தாளிலும் எழுதலாம். பொதுவாக ஆறு மாதம் செல்லுபடியாகும், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு 28 நாள். தொலைநகலில் வந்த படி மூலச் சீட்டாகக் கருதப்படுவதில்லை. மின்னணுச் சீட்டில் கையொப்பத்தின் படத்தை ஒட்டினால் போதாது. ஆளையும் ஆவணத்தையும் பிணைக்கும் மேம்பட்ட மின்னணுக் கையொப்பம் வேண்டும்.

அவசரத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. உடனே சீட்டு தர இயலாத மருத்துவர் மருந்தாளுநரைத் தொலைபேசியில் அழைத்து மருந்து கொடுக்கச் சொல்லலாம். 72 மணி நேரத்துக்குள் சீட்டை அனுப்பிவிட வேண்டும். மார்பின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு இது பொருந்தாது. நோயாளி தொலைபேசியில் பேசி முடித்த மாலையிலேயே மருந்து கையில் கிடைப்பது சில நேரங்களில் இந்த விதியால்தான். சீட்டு வராவிட்டால் சிக்கலில் நிற்பவர் மருந்தாளுநர் என்பதால், அறிமுகமில்லாத குரலை நம்பி மருந்து கொடுக்க அவர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

வெள்ளைத்தாள் முறை ஓரிடத்தில் மட்டும் முடிவுக்கு வந்தது. மருத்துவர் ஹரோல்ட் ஷிப்மன் 15 கொலைகளுக்காக 2000 சனவரியில் தண்டிக்கப்பட்டார். நோயாளிகளின் பெயரில் சீட்டெழுதி அவர் டயமார்பினைச் சேர்த்து வைத்திருந்தார். நீதிபதி ஜேனட் சுமித் தலைமையிலான விசாரணையின் நான்காம் அறிக்கை (2004) கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் கண்காணிப்பில் இருந்த ஓட்டைகளை விரிவாகக் காட்டியது. 2006 முதல் இங்கிலாந்தில் இத்தகைய மருந்துகளுக்கான தனியார் சீட்டுகள் தனிப் படிவத்தில், எழுதுபவரின் அடையாள எண்ணுடன் இருக்க வேண்டும் என்று ஆயிற்று.

பாராமல் எழுதுதல்

பொது மருத்துவ மன்றம் தொலைவிலிருந்து எழுதுவதை ஒருபோதும் முற்றாகத் தடை செய்யவில்லை. 2012 சூலையில் ஒரே ஒரு வகைக்குத் தடை போட்டது: முகச் சுருக்கத்துக்கு ஊசியாகப் போடும் போடாக்சு போன்ற அழகு மருந்துகளைத் தொலைபேசியிலோ காணொளியிலோ எழுதக் கூடாது, நேரில் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்ததும் பொதுச் சேவையின் மருத்துவர்களே பெரும்பாலும் தொலைபேசிக்கு மாறினர். தனியார் தொலைபேசி மருத்துவர்மீது இருந்த ஐயப்பார்வை அதனால் தளர்ந்தது. ஆயினும் 2021-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல், நோயாளியின் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க வழியில்லாதபோது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுவதைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தது.

தனியார் சீட்டின் பெரிய பலவீனமே இதுதான். குடும்ப மருத்துவரிடம் இருக்கும் பதிவு தொலைபேசியில் பேசும் மருத்துவரிடம் இல்லை. நோயாளி சொல்வதுதான் சான்று. வலி நிவாரணி வேண்டுபவர் இன்னொரு மருத்துவரிடமும் அதையே வாங்கியிருப்பதை மறைத்தால் கண்டுபிடிப்பது கடினம். தகவலைக் குடும்ப மருத்துவருக்கு அனுப்ப நோயாளியின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். மறுத்தால் எழுதுவது பாதுகாப்பானதா என்று மருத்துவர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அண்மைக் கட்டுப்பாடு எடைக்குறைப்பு ஊசிகளால் வந்தது. 2025 பிப்ரவரியில் மருந்தகங்களை ஒழுங்குபடுத்தும் பொது மருந்தியல் மன்றம், படிவத்தில் நோயாளி நிரப்பிய எடையை மட்டும் நம்பி மருந்து எழுதக் கூடாது என்று கூறியது. உயரம், எடை, உடல் நிறை எண் ஆகியவற்றை நேரிலோ, காணொளியிலோ, மருத்துவப் பதிவைப் பார்த்தோ, குடும்ப மருத்துவரைத் தொடர்புகொண்டோ தனியே சரிபார்க்க வேண்டும்.