அகலமான லேப்பலும் அடிபட்ட இளைஞர்களும்

கோட்டின் காலருக்குக் கீழே, மார்பின் இருபுறமும் வெளிப்பக்கமாக மடிந்து கிடக்கும் துணிக்கு லேப்பல் என்று பெயர். ஐரோப்பாவில் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டின் மேல்பகுதியைத் திறந்து மடித்துவிட்டதில் பிறந்தது அது. இன்றும் பல கோட்டுகளின் இடது லேப்பலில் ஒரு பொத்தான் ஓட்டை இருக்கும், எதிரே பொத்தான் இருக்காது. ஆக, அது தேவைக்கு மேற்பட்ட கொஞ்சம் துணி. யார் எவ்வளவு துணி உடுத்தலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. தோளில் துண்டு போட்டதற்காக அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதனால்தான் 1943இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததை நாம் படிக்க வேண்டும் என்கிறோம்.

ஜூட் சூட் என்றொரு உடை. பஞ்சு வைத்த தோள், அகலமான லேப்பல், முழங்காலை எட்டும் கோட்டு, கணுக்காலில் இறுக்கிய தொளதொள கால்சட்டை. 1930களில் கறுப்பின இளைஞர்களிடம் பரவிய இந்த உடையை மெக்சிக்கோ வம்சாவளி, பிலிப்பைன்ஸ் இளைஞர்களும் எடுத்துக்கொண்டார்கள். மால்கம் எக்ஸும் இளவயதில் இதை அணிந்தவர்தான். குறைந்த கூலிக்கு உழைத்து, சனிக்கிழமை இரவு நடனத்துக்குப் போகிறவன் தன் உடம்பைவிடப் பெரிய கோட்டில் போனான். கண்ணில் படாமல் ஒதுங்கிப் போக வேண்டியவன் அப்படிப் போனால் சிலருக்கு எரியத்தானே செய்யும்?

எரிச்சலுக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. போர்க்காலம் என்பதால் 1942இல் கம்பளித் துணிக்கு அமெரிக்க அரசு கட்டுப்பாடு விதித்தது. அன்றிலிருந்து அகலமான லேப்பல் தேசத்துரோகமானது. 1943 ஜூன் தொடக்கத்தில் கடற்படை வீரர்கள் கூட்டம் கூட்டமாக நகருக்குள் இறங்கினார்கள். திரையரங்குகளுக்குள்ளும் டிராம்களிலும் புகுந்து இளைஞர்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள், கோட்டைக் கழற்றிக் கிழித்தார்கள், எரித்தார்கள். ஜூட் சூட் அணியாத மெக்சிக்கர்களும் கறுப்பினத்தவரும் அடிபட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். துணியை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அவர்களை ஏன் அடிக்க வேண்டும்?

காவல்துறை அடிபட்டவர்களைத்தான் நூற்றுக்கணக்கில் கைது செய்தது. வீரர்கள் நகருக்குள் நுழையக் கூடாது என்று ராணுவம் உத்தரவிட்ட பிறகே வெறி அடங்கியது. நகர மன்றமோ ஜூட் சூட்டைத் தடைசெய்யத் தீர்மானம் போட்டது! இது இன வெறுப்பின் விளைவு என்று சொன்ன எலினோர் ரூஸ்வெல்ட்டை ஒரு நாளேடு கம்யூனிஸ்டுகளோடு சேர்த்துத் திட்டியது.

இதற்கு முன்பே, ஸ்லீப்பி லகூன் கொலை வழக்கில் சிக்கிய மெக்சிக்க இளைஞர்களை முடி வெட்டவும் உடை மாற்றவும் விடாமல் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜூரிகள் அவர்களை அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டுமாம். 1943 ஜனவரியில் 17 பேருக்குத் தண்டனை. 1944 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தபோது, அவர்களில் பலர் சான் குவென்டின் சிறையில் இருந்தார்கள்.