வடமேற்கே திரும்பிய ஆன்டெனா

ஓசூரில் எண்பதுகளின் கடைசியில் வளர்ந்தவர்களிடம் "ஒலியும் ஒளியும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் "சித்ரமஞ்சரி பாத்திருக்கேன்" என்பார்கள். முன்னது சென்னை தூர்தர்ஷனின் வெள்ளிக்கிழமைச் சினிமாப் பாட்டு. பின்னது பெங்களூரு தூர்தர்ஷனின் கன்னடச் சினிமாப் பாட்டு. தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு பெங்களூரு நிலையத்தைத்தான் பார்த்தோம். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆன்டெனா வடமேற்கே திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கிளப்பிவிட்டது ஒரு யூஎஸ்பி டாங்கிள். ஆர்டிஎல்2832யூ என்ற சிப் உள்ள சாமான். ஐரோப்பாவில் டிஜிட்டல் டிவியைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்காகச் செய்தது. டிஜிட்டலாக்கிய ரேடியோ அலையை, பிரிக்காமல் கொள்ளாமல், 8 பிட் எண்களாக அப்படியே கம்ப்யூட்டருக்குத் தள்ளும் வழி இந்தச் சிப்புக்குள் இருக்கிறது என்று 2012-இல் சிலர் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து இது ஏழைகளின் ஆராய்ச்சி ரேடியோ. ஆர்820டி டியூனர் உள்ளதாக இருந்தால் சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மற்ற வேலையை சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். இந்தியா எடுத்துக்கொண்ட டிஜிட்டல் முறை டிவிபி-டி2. இந்த டாங்கிளுக்கு அது புரியாது. டிவி பார்க்கப் பிறந்த சாமான் இந்த நாட்டில் டிவி பார்க்க மட்டும் உதவாது!

மொட்டைமாடியில் பழைய டிவி அலைவரிசைகளை முழுக்கத் துழாவினேன். ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல். எதிர்பார்த்ததுதான். எல்லை மாதிரியான முக்கிய இடங்களில் ஐம்பது வாக்கில் விட்டுவிட்டு, மற்ற அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் மூடுவதாக தூர்தர்ஷன் அறிவித்திருந்தது. கேபிளிலும் அனலாக்குக்கு 2017 மார்ச் 31 கடைசி நாள் என்று வைத்திருந்தார்கள். ஆனால் 91.1 மெகாஹெர்ட்ஸில் பெங்களூரு எஃப்எம் இன்றைக்கும் திரையில் குன்று மாதிரி எழுந்து நிற்கிறது. அலைக்கு இந்த ஊர் இன்னும் பெங்களூருதான்.

கணக்கு எளிது. இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். கோபுரத்தின் உயரத்தையும் நம் ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று வரும். கோபுரம் 100 மீட்டர், நம்முடையது 10 மீட்டர் என்று வையுங்கள். சுமார் 54 கி.மீ. ஓசூர் 40 கி.மீ.தான். அதோடு பெங்களூரும் ஓசூரும் ஒரே பீடபூமி, இரண்டும் 900 மீட்டர் உயரத்தை ஒட்டி நிற்பவை. சூளகிரி தாண்டி மேலுமலையில் சாலை இறங்குகிறதே, அங்கேதான் பீடபூமியின் விளிம்பு. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரத்தில், விளிம்புக்கு அந்தப்பக்கம், பெங்களூரிலிருந்து 90 கி.மீ. தள்ளிக் கிடக்கிறது. மாநில எல்லை ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில். டிவியின் எல்லையோ மேலுமலையில். இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது, பெங்களூரு 1981 நவம்பர் 1-இல். ஆறு வருடம் முந்திக்கொண்டும் சென்னைக்கு இங்கே வேலை இல்லை. முன்னூறு கிலோமீட்டரை எந்தக் கோபுரமும் தாண்டாது. 1984-இல் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்கள் நட்டார்கள். அவை பெரும்பாலும் டில்லியை மறுஒளிபரப்பியவை. தமிழ் வேண்டும் என்றால் அவற்றாலும் பயனில்லை. (நம் கிழக்குக் கடற்கரையில் இதே கதை வேறு மாதிரி. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி கடலைத் தாண்டி இங்கே வந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

சிப்காட் வந்த எழுபதுகளிலிருந்து தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் ஓசூருக்கு வேலைக்கு வந்தார்கள். அப்பாவும் அப்படி வந்தவர்தான். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, டிவியில் கன்னடம். அப்பா மாடியில் ஜி.ஐ. பைப்பைத் திருப்புவார், நான் ஜன்னலில் நின்று கத்துவேன்: "இன்னும் கொஞ்சம்... ஆங், இப்ப நல்லா இருக்கு... அய்யோ போச்சுப்பா!" 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். பஸ்கள் எல்லைக்கு இப்பாலேயே நின்றுவிட்டன. பெங்களூரில் இருந்த சித்தப்பா வீட்டைப் பற்றி நான்கு நாள் தகவல் இல்லை. அந்த நான்கு நாளும் மாலையில் பெங்களூரின் கன்னடச் செய்தி மட்டும் தவறாமல் வந்தது. அம்மாவுக்குக் கன்னடம் அரைகுறை. நான்தான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்குப் பதினொரு வயது.

காற்றில் ஒன்றும் இல்லை என்றானதும், பரணிலிருந்து பழைய விசிஆரை இறக்கினேன். வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது. அதன் ஆன்டெனா அவுட்புட் ஒரு குட்டி டிவி நிலையம்தான், 36-ஆம் சேனல், 591.25 மெகாஹெர்ட்ஸ். ஒயரை ஒரு ஆட்டனுவேட்டர் வழியாக டாங்கிளில் செருகினேன். பெல்ட் மாற்ற வேண்டியிருந்ததில் ஒரு சனிக்கிழமை போனது.

முழு பால் சிக்னலுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். இந்த டாங்கிள் நம்பகமாகத் தருவது 2.4 மட்டும். ஒலி 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது, நிறம் 4.43-இல். இரண்டும் ஜன்னலுக்கு வெளியே. மிஞ்சுவது மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் அதை எண்களிலிருந்து நாமே கட்டலாம். நொடிக்கு 15,625 வரிகள், ஒரு வரிக்கு 64 மைக்ரோவினாடி. சிக்னல் உச்சத்தைத் தொடும் இடம் வரியின் தொடக்கம், ஏனென்றால் பால் முறையில் வெள்ளைக்குத்தான் சக்தி குறைவு, சிங்க் துடிப்புக்கு அதிகம். உச்சங்களைத் தேடி, வரிகளை வெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் படம். பைத்தானில் நாற்பது வரி. கேப்சர் கார்டு வாங்கியிருந்தால் நிறமும் ஒலியும் சேர்ந்தே கிடைத்திருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். உண்மைதான்.

டேப் 1992 உலகக் கோப்பை, அப்பாவின் கையெழுத்து. கடைசியில் வேறு ஏதோ ஒரு மாலையின் கன்னடச் செய்தி ஒட்டிக்கொண்டிருந்தது. வாசிப்பவரின் வலது பக்கத்தில் அவரே இன்னொரு முறை, மங்கலாக. நாங்கள் "நிழல்" என்போம். அப்பா எத்தனை தடவை பைப்பைத் திருப்பியும் போகாத அதே நிழல்.

இங்கேதான் எண்களாக வைத்திருந்தது உதவியது. நிழல் என்பது எங்கோ முட்டித் தாமதமாக வந்த அலை. நிஜத்துக்கும் நிழலுக்கும் இடைவெளி பத்து சாம்பிள். ஒரு சாம்பிள் 0.417 மைக்ரோவினாடி, ஆக 4.2 மைக்ரோவினாடி. அலை மைக்ரோவினாடிக்கு 300 மீட்டர் போகும். சுமார் 1,250 மீட்டர் கூடுதல் பயணம். வீட்டைத் தாண்டிப் போய் முட்டித் திரும்பியதென்றால் அதில் பாதி, 625 மீட்டர். ஒரு சாம்பிள் பிசகினால் அறுபது மீட்டர் இப்படி அப்படி ஆகும். பழைய டேப் வரிக்கு வரி நடுங்குவதால் இருநூறு பிரேம்களுக்குச் சராசரி எடுத்தேன்.

நாங்கள் அன்று குடியிருந்த வாடகை வீட்டை மேப்பில் குறித்து, பெங்களூருக்கு நேர் எதிர்த்திசையில் அளந்தேன். அறுநூறு மீட்டர் சொச்சத்தில் சந்திரசூடேஸ்வரர் மலை. யாகி ஆன்டெனா பின்பக்கமிருந்து வருவதை முழுக்க ஒதுக்காது என்பதால் இது நடக்கக்கூடியதே. நிரூபணம் என்று சொல்லமாட்டேன், நடுவில் ஏதாவது தண்ணீர்த் தொட்டிகூட இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், ஆன்டெனா பழைய இரும்புக்குப் போய்விட்டது, அப்பாவும் இல்லை. பெங்களூரின் அலை ஓசூர் மலையில் முட்டி எங்கள் ஜன்னலுக்கு வந்ததற்கு, காந்த நாடாவில் இந்தப் பத்து சாம்பிள்தான் பாக்கி.

இன்னும் இரண்டு டேப் இருக்கின்றன. ஒன்றில் பூஞ்சை, ஓட்டினால் ஹெட் போய்விடும். சூளகிரி, பேரிகை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாரிடமாவது டிவியிலிருந்து பதிந்த டேப் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குறிப்பாக மேலுமலைக்குக் கீழே பதிவானது. பெங்களூரு உண்மையில் எந்த ஊரோடு நின்றது என்று பார்க்க வேண்டும்.